அடுத்தவர் செய்தால் லூட்: ஒரு சொல்லின் நிகழ்வு ஆய்வு

1867-ல் லண்டனில் மாலுமிகளுக்காக ஓர் அகராதி வெளிவந்தது. தொகுத்தவர் அட்மிரல் ஸ்மித். கப்பலில் புழங்கும் கயிறு, பாய், முடிச்சு என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. ‘லூட்’ என்ற சொல்லும் இருக்கிறது. கொள்ளை என்று பொருள் போட்டுவிட்டு, பக்கத்திலேயே ‘சீனாவிலிருந்து எடுத்துக்கொண்ட சொல்’ என்று எழுதிவைத்திருக்கிறார்.

தப்பு. காதில் கொஞ்சம் இந்தி விழுந்தவர்களுக்கே இது தெரிந்துவிடும். காய்கறி விலையைக் கேட்டுவிட்டு ‘லூட்’ என்று அலுத்துக்கொள்ளாத வடநாட்டுக்காரர் உண்டா? இருந்தாலும் அட்மிரல் ஏமாந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவர் காலத்து மாலுமிகளும் சோல்ஜர்களும் அந்தச் சொல்லை வாயில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பியது சீனத் துறைமுகங்களிலிருந்துதான். சரி, சீனாவுக்கு அதைக் கொண்டுபோனது யார்? அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் மெட்ராஸ் வழியாகத் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் வந்து சேர்கிறோம். 1799 மே 4-ம் தேதி இரவு அங்கே என்ன நடந்தது, அதை யார் யார் என்னென்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்பதுதான் இந்த ஆய்வின் நடுப்பகுதி. அதற்கு முன் சொல்லைக் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வேரும் பங்காளிகளும்

இந்தியில் லூட் என்றால் கொள்ளை, லூட்னா என்றால் கொள்ளையடிப்பது. அதற்குப் பின்னால் சமஸ்கிருதம். திருட்டுப் பொருளைக் குறிக்கும் ‘லோப்த்ரம்’ என்ற சொல்லைக் காட்டுகிறவர்கள் உண்டு. பறித்தலைக் குறிக்கும் ‘லுண்ட்’ என்ற வேரைக் காட்டுகிறவர்களும் உண்டு. முதல் வழிதான் சரியென்றால் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘ராப்’, ‘ரோப்’ இரண்டும் அதே பழைய வேரில் கிளைத்தவை என்பார்கள். முன்னது பறிப்பது, பின்னது அங்கி. எதிராளியிடமிருந்து உரித்தெடுத்த துணி என்பதுதான் அங்கிக்கு ஆதியில் இருந்த பொருள். அப்படியானால் லூட் இங்கிலாந்தில் போய் இறங்கியபோது அதன் தூரத்துப் பங்காளிகள் அங்கே ஏற்கெனவே குடியிருந்தார்கள்.

பங்காளிகள் மட்டுமில்லை. கொள்ளைக்கான சொற்களை ஆங்கிலம் காலங்காலமாக வெளியிலிருந்துதான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடுவதற்கு ‘ரான்சாக்’. வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியில் அதன் பொருளே வீட்டைச் சோதனை போடுவதுதான். ‘பில்லேஜ்’, ‘மரோட்’ இரண்டும் பிரெஞ்சுக்காரர்கள் தந்தவை. ஊரையே கொள்ளையிடுவதைச் சொல்லும் ‘சாக்’, மூட்டை கட்டும் சாக்கோடு உறவுடையது. ‘பிளண்டர்’ ஜெர்மன். 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் கூலிக்குச் சண்டை போடப் போன ஆங்கிலேயர் வாயில் அது ஒட்டிக்கொண்டது. 1642-ல் இங்கிலாந்திலேயே உள்நாட்டுப் போர் மூண்டபோது ஊரெங்கும் பரவிவிட்டது. ஜெர்மனில் அந்தச் சொல்லுக்கு முதலில் தட்டுமுட்டுச் சாமான், துணிமணி என்றுதான் பொருள். சிப்பாய் வீடு புகுந்தால் கைக்கு முதலில் அகப்படுவது அதுதானே.

ஆக, 18-ம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குக் கொள்ளைச் சொல் பஞ்சம் எதுவும் இல்லை. பெட்டி நிறைய இருந்தும் இன்னொன்றை ஏன் எடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

லூட்டிகள்

விடை சொல்லின் முதல் வடிவத்தில் இருக்கிறது. ஆங்கிலேயர் வாயில் முதலில் நுழைந்தது ‘லூட்’ என்ற செயல் அல்ல, ‘லூட்டி’ என்ற ஆள். 18-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் எழுத்தில் அந்த ஆள் தென்படுகிறார். சில இடங்களில் ‘லூட்டிவாலா’. படையோடு வருவார், ஆனால் படை வரிசையில் நிற்கமாட்டார். ஒரு குதிரை, ஒரு ஈட்டி, ஒரு வாள். சம்பளம் பெயரளவுக்கு இருந்தால் உண்டு. வழியில் கிடைப்பதுதான் வருமானம். எதிரியின் ஊரை எரிப்பது, தானியத்தை அழிப்பது, மாட்டை ஓட்டிக்கொண்டு போவது, எதிரிப் படைக்கு வரும் சோற்றுமூட்டையை மறிப்பது, இவைதான் அவருக்கு வேலை. மராத்தியர், மைசூர்க்காரர், நிஜாம் என்று எல்லாரிடமும் இப்படிப்பட்ட குதிரைக்காரர்கள் இருந்தார்கள். பிண்டாரிகள் என்று பின்னால் பேர் வாங்கியவர்களும் இந்த இனம்தான்.

மெட்ராஸில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு லூட்டி என்றால் பெரும்பாலும் ஐதர் அலியின் ஆள். 1767-ல் பதின்ம வயதுத் திப்புவின் தலைமையில் ஒரு குதிரைப்படை மெட்ராஸின் விளிம்பு வரைக்கும் வந்து, வெள்ளைக்காரர்களின் தோட்ட வீடுகளைக் கிளறிப்போட்டுவிட்டுப் போனது. 1780-ல் ஐதரே பெரும்படையோடு கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். அன்றைய ஆங்கிலேயர் கர்நாடகம் என்று சொன்னது ஆற்காடு நவாபின் சீமையை, அதாவது இன்றைய வடதமிழகத்தை. எரிந்த ஊர்கள் நம் ஊர்கள். ‘ஐதர் அலி காலத்துப் பழசு’ என்று இன்றும் ஓட்டைக் குடையைப் பார்த்து ஒரு கிழவர் சொன்னால், அந்தக் கலாபத்தின் நினைவு எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

அந்தப் படையெடுப்பைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785-ல் ஆற்காடு நவாபின் கடன்கள் குறித்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியபோது, தப்பியோடிய மக்களைக் குதிரைப்படை என்னும் சுழல்காற்று சூழ்ந்துகொண்டதாக வர்ணித்தார். ஆங்கிலத்தில் அது ஓர் உவமை. தமிழுக்கு அந்தச் சிரமமே இல்லை: சூறை என்றாலே சுழன்றடிக்கும் காற்று, சூறை என்றாலே கொள்ளை. பிள்ளையார் முன்னால் உடைக்கிற சூறைத்தேங்காயைப் பிள்ளைகள் பாய்ந்து பொறுக்குவதும் இதே சொல்லில்தான் அடங்குகிறது.

லூட்டிகள் எதிரிப் பக்கம் மட்டும் இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றாம் மைசூர்ப் போரில் மராத்தியர் ஆங்கிலேயரின் கூட்டாளி. 1791-ல் மராத்தியத் தளபதி பரசுராம் பாவுவின் படையோடு வந்த குதிரைக்காரர்கள் சிருங்கேரி மடத்தைக் கொள்ளையடித்தார்கள். சாரதை சிலையைக்கூட விட்டுவைக்கவில்லை. மறுபிரதிஷ்டைக்குப் பணமும் பொருளும் அனுப்பியவர் திப்பு. அவர் மடத்துக்கு எழுதிய கடிதங்கள் 1916-ல் வெளிச்சத்துக்கு வந்தன. கம்பெனியின் நேச அணியில் நின்றவர்களின் வேலைதான் அது. ஆனாலும் ஆங்கிலேயர் கண்ணுக்கு அதுவும் ‘சுதேசிகள்’ செய்கிற காரியமாகத்தான் பட்டது.

1788-ல் லண்டனில் ஸ்டாக்டேல் என்ற பதிப்பாளர் ‘இந்தியச் சொற்தொகுதி’ ஒன்றைப் போட்டார். அந்த வருஷம்தான் முன்னாள் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான விசாரணை நாடாளுமன்றத்தில் தொடங்கியது. கம்பெனி ஆட்கள் இந்தியாவில் சுருட்டியதைப் பற்றிய வழக்கு. சபையில் பறக்கும் திவான், ஜமீன், நஜர் போன்ற சொற்கள் லண்டன்வாசிகளுக்குப் புரிய வேண்டுமே என்று வந்த கையடக்க நூல் அது. ‘லூட்’ ஆங்கில அச்சில் தனிச் சொல்லாக, பொருளோடு பதிவானது அந்த நூலில். பொருள்: கொள்ளை. கம்பெனியின் சுருட்டலை விசாரிக்கும்போது உதவட்டும் என்று போட்ட நூலில் அந்தச் சொல், இந்தியர்கள் பயன்படுத்தும் ஒரு வேற்றுமொழிச் சொல்லாக உட்கார்ந்திருந்தது.

மே 4 இரவு

1799 பிப்ரவரியில் ஜெனரல் ஹாரிஸின் தலைமையில் மெட்ராஸ் படை வேலூரிலிருந்து கிளம்பியது. ஏப்ரலில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை வளைத்தது. மே 4 பகல் ஒரு மணி வாக்கில், பீரங்கி உடைத்த மதில் வழியாகப் படை உள்ளே புகுந்தது. முன்னால் வாளோடு ஓடியவர் டேவிட் பெயர்டு. 1780-ல் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கம்பெனிப் படை நொறுங்கியபோது பிடிபட்டு, மூன்றரை வருஷத்துக்கு மேல் இதே கோட்டையில் விலங்கோடு கிடந்தவர். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. இருட்டிய பிறகு தண்ணீர் வாசல் பக்கம் பிணக்குவியலில் திப்புவின் உடலைத் தேடிக் கண்டெடுத்தார்கள்.

அன்றிரவு ஊரில் நடந்ததற்கு நல்ல சாட்சி, மறுநாள் காலை ஊரை ஒழுங்குக்குக் கொண்டுவர அனுப்பப்பட்ட முப்பது வயதுக் கர்னல். பெயர் ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்பாடு வெலிங்டன் பிரபு ஆகி, நெப்போலியனைத் தோற்கடித்தவர். அண்ணன் மார்னிங்டன்தான் கவர்னர் ஜெனரல். போரை மேற்பார்க்க மெட்ராஸ் கோட்டையில் வந்து தங்கியிருந்தார். மே 8-ம் தேதி தம்பி அண்ணனுக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. 4-ம் தேதி இரவு நடந்ததை எதுவும் மிஞ்ச முடியாது என்கிறார். பட்டணத்தில் கொள்ளை போகாத வீடு அநேகமாக ஒன்றுகூட இல்லை. பாளையத்துக் கடைத்தெருவில் விலைமதிப்பற்ற நகைகளையும் தங்கக் கட்டிகளையும் சோல்ஜர்களும் சிப்பாய்களும் படையோடு வந்த கூட்டமும் கூவி விற்றதாகக் கேள்விப்பட்டாராம். தூக்கில் போட்டும் கசையால் அடித்தும் 5-ம் தேதி பொழுதுக்குள் படையை அடக்கினேன் என்று முடிக்கிறார். பாடுபட்ட படை இந்த ஊரின் கொள்ளையை எதிர்பார்க்காமல் இருந்திருக்க முடியாது என்று, கோபத்துக்கு நடுவிலும் ஒரு சமாதானம்.

கடிதத்தில் அவர் எடுத்த சொல் ‘பிளண்டர்’. லூட் அல்ல. அவருடைய ஆட்கள் ஒழுங்கு தவறினார்கள். அதற்கு ஐரோப்பியப் போர்களில் பழகிய சொல் போதும். லூட்டிகள் என்பவர்கள் வேறு ஜாதி, வேலி தாண்டி நிற்பவர்கள். இத்தனைக்கும் அன்றிரவு வீடு வீடாகப் புகுந்தவர்களில் பலர் இந்துஸ்தானியும் தமிழும் தெலுங்கும் பேசிய மெட்ராஸ் சிப்பாய்களும் படைக்குப் பின்னால் வந்த கூட்டமும்தான். அவர்கள் தங்களுக்குள் அதை லூட் என்றோ கொள்ளை என்றோதான் சொல்லியிருப்பார்கள்.

பாதீடு

இரவுக் கொள்ளை அடுத்த நாள் அடங்கியது. பகல் வேலை தொடங்கியது.

ஆங்கிலச் சட்டப்படி எதிரியிடம் பிடிபட்ட பொருள் அரசருக்குச் சொந்தம். அவர் மனமுவந்து படைக்குக் கொடுக்கலாம். அப்படிக் கொடுப்பதற்கு ‘பிரைஸ்’ என்று பெயர். அதைக் கணக்கெடுத்து, ஏலம் போட்டு, பதவிப்படி பங்கு பிரிக்க அதிகாரிகள் தங்களுக்குள்ளேயே சிலரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் பிரைஸ் ஏஜெண்டுகள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் தருகிற பரிசும் ஆங்கிலத்தில் ‘பிரைஸ்’தான் என்பதால் இதைப் ‘பரிசுப் பணம்’ என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள். எழுத்து ஒன்றுதான், பிறப்பு வேறு. பரிசு பிரைஸ் விலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இந்த பிரைஸ் ‘பிடித்தது’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கணக்குப்புத்தகத்தை நீக்கிவிட்டால் லூட்டுக்கும் இதற்கும் அர்த்தத்தில் தூரம் அதிகமில்லை.

நமக்கு இதற்கு இன்னும் பொருத்தமான பழைய சொல் இருக்கிறது. தொல்காப்பியம் வெட்சித் திணையில் அடுத்தவர் நாட்டு மாடுகளைக் கவர்ந்து வருவதன் துறைகளை வரிசையாகச் சொல்லும்போது, மாட்டை ஓட்டி வந்து நிறுத்தியதும் ‘பாதீடு’ என்கிறது. வீரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது. அப்புறம் ‘உண்டாட்டு’: கள் குடித்துக் கொண்டாடுவது. அதற்கும் பின்னால் கொடை. எனக்குத் தொல்காப்பியரிடம் பிடித்தது, அந்தச் செயலுக்கு அவர் தயங்காமல் வைக்கிற பெயர். ‘வேந்துவிடு முனைஞர் வேற்றுப்புலக் களவின்’ என்கிறார். வேந்தனே அனுப்பிய வீரர்கள்தான், இருந்தாலும் களவு.

ஸ்ரீரங்கப்பட்டணப் பாதீட்டின் மொத்தம் 11,43,216 பவுண்டு. தளபதி ஹாரிஸ் எட்டில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டார்: 1,42,902 பவுண்டு. வெள்ளைக்காரச் சாதாரண சோல்ஜருக்கு ஏழு பவுண்டு சில்லறை. சிப்பாய்க்குச் சுமார் ஐந்து. தளபதியின் பங்கு அவர் கீழிருந்த சோல்ஜரின் பங்கைப்போல ஏறக்குறைய இருபதாயிரம் மடங்கு. ஹாரிஸ் எட்டில் ஒன்று எடுத்தது சரியா என்று கம்பெனிக்குள்ளேயே தகராறு எழுந்து, கடைசியில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. மார்னிங்டனுக்கு ஒரு லட்சம் பவுண்டு தர முன்வந்தபோது அவர் வேண்டாம் என்றுவிட்டார். படையின் பங்கில் கைவைக்க மாட்டேன் என்பது அவர் கணக்கு.

இந்தப் பங்கீட்டில் உருப்படியாக நாசமானது திப்புவின் சிம்மாசனம். புலித்தலைகளும் மேலே ரத்தினம் பதித்த ஹூமா என்ற கற்பனைப் பறவையும் வைத்து, தங்கத் தகடு போர்த்தியது. முழுதாக யாருக்குக் கொடுப்பது? எப்படிப் பங்கு போடுவது? ஏஜெண்டுகள் உடைத்துத் துண்டு போட்டுவிட்டார்கள். அப்படி ஒன்று இருந்ததே தனக்குத் தெரிவதற்கு முன் இந்த முந்திரிக்கொட்டைகள் உடைத்துவிட்டார்களே, முழுசாக லண்டனுக்கு அனுப்பியிருப்பேனே என்ற பொருளில் மார்னிங்டன் பின்னால் ஆதங்கப்பட்டு எழுதியிருக்கிறார். ஹூமா பறவை அரசரிடம் போனது. இன்று வின்ட்ஸர் மாளிகையில். புலித்தலைகளில் ஒன்று வேல்ஸில் உள்ள போயிஸ் மாளிகையில். அப்போதைய மெட்ராஸ் கவர்னர் எட்வர்டு கிளைவ், பிளாசி கிளைவின் மகன். அவர் குடும்பத்தின் வீடு அது. வெள்ளைக்காரனைக் கடித்துக் குதறும் மரப்புலி, உள்ளே காற்றுப்பெட்டி வைத்து உறுமும் பொம்மை, லண்டன் லெடன்ஹால் தெருவில் கம்பெனியின் அலுவலகத்தில் வேடிக்கைப் பொருளாகி, இப்போது விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில். திப்புவின் நூலகத்தில் சுமார் 2,000 சுவடிகள். கல்கத்தாவுக்கும் லண்டனுக்குமாகப் பிரிந்தன.

1808-ல் இந்த வெற்றிக்கான பதக்கத்தைக் கொடுத்தார்கள். தங்கம், வெள்ளி, வெண்கலம், வெள்ளீயம் என்று பதவிக்குத் தகுந்த உலோகம். அதில் பிரிட்டிஷ் சிங்கம் மைசூர்ப் புலியை மல்லாத்தி மிதித்துக்கொண்டு நிற்கிறது.

சீனா வழி

இனி அட்மிரலின் குறிப்புக்கு வரலாம். 1839 முதல் 1842 வரை நடந்த முதல் அபின் போரில் சீனாவுக்குப் போன கம்பெனிப் படையில் மெட்ராஸ் சிப்பாய்களும், பாதையும் அகழியும் அமைக்கும் சாப்பர்களும் கணிசமாக இருந்தார்கள். 1841 மே மாதம் கான்டனுக்கு வெளியே அடைமழையில் ஊர் மக்களிடம் மாட்டிக்கொண்டு தத்தளித்தது 37-வது மெட்ராஸ் காலாட்படையின் ஒரு பிரிவு. இந்தப் படையோடு சொல்லும் கப்பலேறியது. இங்கிலாந்திலிருந்து நேரே வந்த பட்டாளங்களும் கடற்படை மாலுமிகளும் அதைச் சீன மண்ணில் கேட்டார்கள். கேட்ட இடத்தைப் பிறந்த இடம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு கிரிமியப் போர், 1857-ல் டெல்லி, 1858-ல் லக்னோ. டெல்லியில் பிரைஸ் ஏஜெண்டுகள் புதையல் தேடி வீட்டுத் தரைகளைக் கூடத் தோண்டினார்கள். இந்த இருபது வருஷத்தில் சொல் பட்டாளத்துக் கொச்சையிலிருந்து பத்திரிகை ஆங்கிலத்துக்கு ஏறிவிட்டது.

இந்தக் காலத்தில்தான் ஒரு மாற்றம் நடக்கிறது. இந்தியாவில் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு வைத்த பெயரை, சீனாவில் சோல்ஜர் கூச்சமில்லாமல் தன் காரியத்துக்கே வைத்துக்கொள்கிறான். 1860 அக்டோபரில் பீக்கிங்குக்கு வெளியே இருந்த கோடை அரண்மனைக்குள் பிரெஞ்சுப் படையும் பிரிட்டிஷ் படையும் புகுந்தன. பட்டு, ஜேடு, பீங்கான், கடிகாரங்கள். அள்ள அள்ளக் குறையவில்லை. பிரிட்டிஷ் தளபதி ஹோப் கிராண்ட், தன் ஆட்கள் அள்ளியதையெல்லாம் ஒப்படைக்கச் சொல்லி, அங்கேயே ஏலம் போட்டு, வந்த பணத்தைப் படைக்குப் பங்கு வைத்தார். மறுபடியும் பாதீடு. பிறகு பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் உத்தரவில் அரண்மனையைக் கொளுத்தினார்கள். சீனர் சிறைப்பிடித்த தூதுக் குழுவினரில் பலர் சித்திரவதையில் செத்ததற்குப் பதிலடி என்று காரணம் சொன்னார்கள்.

அந்த அரண்மனையிலிருந்து கப்பலேறியவற்றில் ஒரு குட்டி பீக்கினீஸ் நாயும் உண்டு. கேப்டன் டன் என்பவர் 1861-ல் அதை விக்டோரியா ராணிக்குக் கொடுத்தார். ராணியின் அரண்மனையில் அதற்கு வைத்த பெயர் லூட்டி. ஓவியர் கெய்ல் அதன் படத்தை வரைந்தார். 1872-ல் செத்துப்போனது.

1886-ல் யூலும் பர்னெலும் தொகுத்த ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி அட்மிரலின் குறிப்பை எடுத்துக்காட்டி, லூட்டின் ஊர் எது என்பதை நேர் செய்தது. பர்னெல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். அச்சில் பார்க்காமலே 1882-ல் இறந்துவிட்டார்.

இன்றைய புழக்கம்

இன்றைய ஆங்கிலத்தில் லூட் பெயர்ச்சொல்லாக வந்தால் கொள்ளையடித்த பொருள்; வினையாக வந்தால் கொள்ளையடிப்பது. செய்கிறவர் லூட்டர், செயல் லூட்டிங். ‘பிளண்டர்’ கொஞ்சம் பெரிய, வரலாற்று வாசனை உள்ள சொல். நாட்டின் வளத்தையே வருஷக்கணக்கில் சுரண்டுவதற்கும் அதைச் சொல்லலாம். ‘பில்லேஜ்’ சட்டப் புத்தகச் சொல்: படையெடுத்துப் பிடித்த ஊரானாலும் கொள்ளையிடக் கூடாது என்று 1907-ம் வருஷத்து ஹேக் விதிகள் தடைபோட்டபோது அந்தச் சொல்லைத்தான் எடுத்தன. லூட்டுக்கு நெருக்கமான காட்சி வேறு: கலவரம் அல்லது வெள்ளம், போலீஸ் இல்லாத தெரு, உடைந்த கடைக்கண்ணாடி, டிவியைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒருவர். ஒழுங்கு குலைந்திருக்க வேண்டும், கூட்டம் இருக்க வேண்டும். ராத்திரியில் ஓட்டைப் பிரித்து இறங்கும் தனித் திருடனுக்கு இந்தச் சொல் பொருந்தாது.

இதன் மறுபக்கம் விளையாட்டு. பேச்சுவழக்கில் லூட் என்றால் வெறும் பணம். கனடாவில் பிறந்தநாள் விழாவில் பிள்ளைகளுக்குத் தருகிற மிட்டாய்ப் பை ‘லூட் பேக்’. வீடியோ கேமில் அரக்கனைக் கொன்றால் கீழே விழுவது லூட். காசு கொடுத்து வாங்கித் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டி ‘லூட் பாக்ஸ்’. 2018-ல் பெல்ஜியம் சில லூட் பாக்ஸ்களைச் சூதாட்டம் என்றே அறிவித்தது.

ஆனால் பழைய வேலி இன்னும் சொல்லுக்குள் நிற்கிறது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மார்பளவு தண்ணீரில் நின்றபோது இரண்டு புகைப்படங்கள் ஒரே நாளில் வெளிவந்தன. ஒன்றில் ஒரு கறுப்பின இளைஞர் கையில் பொருளோடு நடக்கிறார். கடையை ‘லூட்’ செய்துவிட்டு வருகிறார் என்றது ஒரு செய்தி நிறுவனம். இன்னொன்றில் வெள்ளைக்காரர் இருவர், கையில் ரொட்டியும் சோடாவும். கடையிலிருந்து அவற்றைக் ‘கண்டெடுத்து’ வருகிறார்கள் என்றது வேறொரு நிறுவனம். இளைஞர் கடைக்குள் போய் எடுத்ததைப் படமெடுத்தவர் பார்த்தார் என்று முதல் நிறுவனம் விளக்கியது. பொருள்கள் தண்ணீரில் மிதந்து வந்தவை என்றார் மற்றப் படக்காரர். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கம் எடுபடவில்லை.

2023 மே மாதம் லண்டனில் திப்புவின் வாள் ஒன்று ஏலத்துக்கு வந்தது. 1.4 கோடி பவுண்டுக்கு மேல் போனது. அவருடைய படுக்கையறையில் இருந்த வாள். கோட்டை விழுந்த பிறகு பெயர்டின் வீரத்தைப் பாராட்டிப் படையினர் அவருக்கு ‘அளித்தது’ என்பது அதன் வரலாற்றுக் குறிப்பு.

தமிழிலும் லூட்டி இருக்கிறது. ஐதர் காலத்துக் குதிரைக்காரரிடமிருந்தோ பட்டாளத்து இந்துஸ்தானியிலிருந்தோ வந்து ஒட்டியதாகத்தான் எனக்குப் படுகிறது. ‘லூட்டி அடிக்காதே’ என்றால் வீட்டில் அட்டகாசம் பண்ணாதே, அவ்வளவுதான். லீவு விட்டதும் மாமா வீட்டில் இறங்கி, முறுக்கு டப்பாவைக் காலி செய்து, தலையணையைப் பிய்த்துப் பஞ்சைப் பறக்கவிடும் நாலு பிள்ளைகளைப் பார்த்து அத்தை சொல்வாள். சொல்லிவிட்டு அடுத்த டப்பாவை எடுத்து மேல் பரணில் வைப்பாள்.